அத்தையின் வேகம்

மவுண்ட் ட்ரூட், சிட்னி
3 மார்ச் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்த ஞாயிறு வரை எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த ஆண்டவருக்கு நன்றி. நான், ஃபூசி, பிள்ளைகள் லூபேயும் சலேசியும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மாவின் இருமல் நின்றதா? கிழங்கு தோண்ட ஆரம்பித்துவிட்டீர்களா?

கடை போனுக்குக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் போனில் நீங்கள் பேசினால் ஊயிஹா தீவே வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கும் இப்போது சொல்ல வேண்டாம்.

கலோலைனே அத்தை கார் ஓட்டி நீங்கள் பார்த்ததில்லை. பாடிக்கொண்டேதான் ஓட்டுவார். பாட்டு மெதுவாகப் போனால் காரும் மெதுவாகப் போகும். பாட்டு ஏறினால் காரும் ஏறும். போன மாதம் பாடகர் குழுப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று ஏதோ துள்ளலான பாட்டு போலிருக்கிறது. சாலையோரக் கேமரா படம் பிடித்துவிட்டது. படத்தில் வண்டியின் எண் மட்டும்தான் தெரியும், ஓட்டியவர் முகம் தெரியாது. அதனால் யார் ஓட்டியது என்று எழுதிச் சத்தியம் செய்து அனுப்பு என்று வண்டியின் சொந்தக்காரருக்குத்தான் சீட்டு வரும். அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறது.

இங்கே ஒவ்வொரு தப்புக்கும் லைசென்ஸில் தண்டப் புள்ளி ஏறும். பன்னிரண்டு சேர்ந்தால் மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. அத்தைக்கு ஏற்கெனவே நிறைய ஏறியிருக்கிறது. வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுப்பதுதான் அவர் வேலை. கார் இல்லாமல் முடியாது. பயிற்சி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "செமிசி, நீ தொழிலே வண்டி ஓட்டுறவன். உன் லைசென்ஸ்ல ஒரு புள்ளிகூட இருக்காது. உன் பேரை எழுதிடுறேன்டா, சரியா?"

சரி என்றேன். அப்பா, என் லைசென்ஸில் ஒன்பது புள்ளி இருக்கிறது. கடை திறப்பதற்குள் ரொட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓடி ஓடி வாங்கியது. இந்தச் சீட்டுக்கு நான்கு. லைசென்ஸ் போனால் ரொட்டி வேலை போய்விடும். என் சொந்த வேனும் சும்மா நிற்கும்.

இதை அத்தையிடம் சொல்லவில்லை. சொன்னால் அது மறுத்த மாதிரி ஆகிவிடும். அப்பாவோடு பிறந்தவள் கேட்டதை மறுக்கிற வாய் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. பத்தொன்பது வயதில் நான் இங்கே வந்து இறங்கியபோது படுக்க இடம் கொடுத்ததும் அவர்தான், இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

பேரை எழுதி அனுப்ப இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது. நீங்கள் அத்தைக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். என்ன கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

உங்கள் பாதம் பணியும் மகன்,
செமிசி


மவுண்ட் ட்ரூட்
31 மார்ச் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

உயிர்த்தெழுந்த நாளின் வாழ்த்து. எல்லோரும் சுகம். அங்கே காற்று அடங்கிவிட்டதா? உங்கள் கடிதம் வரவில்லை. கப்பல் தாமதமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் அத்தை அந்தத் தாளோடு வந்தார். பாடகர் குழுவின் வெள்ளை உடையில், தலையில் பூ. லூபேயைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, "உன் லைசென்ஸ் நம்பரைச் சொல்லு கண்ணு" என்றார். என்னைத்தான். எனக்கு முப்பத்தொன்று வயதாகிறது, இன்னும் கண்ணுதான்.

ஃபூசி சமையலறையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் முழுக்க என்னோடு அவளுக்குச் சண்டை. "நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்" என்றாள். "நீ சொன்னா நான் சொல்லிக்கொடுத்து நீ சொன்னேன்னுதான் ஆகும்" என்றேன். "அப்ப உங்க அப்பா சொல்லட்டும்." "அதான் எழுதியிருக்கேன்ல." "எழுதி? அந்தக் கப்பல் வர்றதுக்குள்ள சலேசிக்குக் கல்யாணமே ஆகிடும்."

நம்பரைச் சொன்னேன். அத்தை எழுதிக்கொண்டு, என் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுப் போனார். போகும்போது கார் வேகமாகத்தான் போனது.

உங்கள் மகன்,
செமிசி


ஊயிஹா, ஹாஅபை
22 மார்ச் 2002

என் மகன் செமிசிக்கு,

ஆண்டவர் கிருபையால் இருவரும் நலம். முழங்கால் பரவாயில்லை. அம்மா இருமுகிறாள், ஆனால் அதைவிட அதிகமாகப் பேசுகிறாள், அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

கிழங்கு இந்த வருடம் நன்றாக இறங்கியிருக்கிறது. முதல் கிழங்கைப் போதகருக்குக் கொடுத்தோம். தேவாலயத்தின் கூரைத் தகரம் புயலில் பாதி பறந்துவிட்டது. ஆகஸ்டுக்குள் புதுக் கூரை போட்டுத் திறப்பு விழா வைப்பதாகத் தீர்மானம். உன் அத்தையும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். கறுப்புப் பன்றியை அவருக்கென்று ஒதுக்கிவிட்டேன்.

நீ எழுதிய விஷயத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா

(மகனே, இதை அனுப்பக் கொடுத்திருந்தேன், கப்பல் எஞ்சின் கெட்டு ஒரு வாரம் துறையிலேயே கிடந்ததால் என் கைக்கே திரும்பி வந்தது, மறுபடி அனுப்புகிறேன்.)


ஊயிஹா
24 ஏப்ரல் 2002

என் மகனுக்கு,

நீயும் உன் வீட்டாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். உன் இரண்டாம் கடிதம் வந்தது. நீ செய்தது சரி. என் பிள்ளை என்று தலை நிமிர்ந்து சொல்லும்படி செய்தாய். நேற்று காவா குடிக்கிற இடத்தில் போதகர் உன்னை விசாரித்தார். நன்றாக இருக்கிறான் என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று மாதம் பொறுத்துக்கொள். மூன்று மாதம் ஒரு ஆண்மகனுக்குப் பெரிய விஷயமில்லை. நான் கடலில் வலது கையை உடைத்துக்கொண்டு ஐந்து மாதம் இடது கையால் சாப்பிட்டிருக்கிறேன்.

இன்சூரன்ஸ் என்று போன வாரம் அம்மாவிடம் போனில் ஏதோ சொன்னாயாமே. அது எனக்குப் புரியவில்லை. விபத்து நடக்கவே இல்லை, ஆனால் நடக்கும் என்று மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்களா? நம் போதகர்கூட நடக்காத பாவத்துக்குக் காணிக்கை கேட்பதில்லை.

அப்பா


ஊயிஹா
26 மே 2002

என் கண்ணே,

அம்மா எழுதுகிறேன். கடைக்காரர் மகள் சிட்னிக்கு வருகிறாள், அவள் கையில் கொடுக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? ஃபூசி வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள்.

உன் அப்பா என்னிடம் மறைத்ததாக நினைக்கிறார். முப்பத்தைந்து வருடம் ஒரே பாயில் படுக்கிறவளிடம் எதை மறைக்க முடியும்? உன் முதல் கடிதத்தை வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்தார். ஏன் இப்படிப் படிக்கிறார், திடீரென்று பக்தி கூடிவிட்டதே என்று திறந்து பார்த்தேன்.

நான் வேறு ரத்தம். இந்த வீட்டில் அவர் அக்கா முதலில், அவர் அக்கா பிள்ளைகள் அடுத்து, பிறகு போதகர், பிறகு பன்றி, அதற்கும் பிறகுதான் நான். எனவே எனக்கு இழக்க ஒன்றுமில்லை. லைசென்ஸ் போய்விட்டதா? வேலை இருக்கிறதா? எனக்கு மட்டுமாவது உள்ளதை எழுது.

அம்மா


மவுண்ட் ட்ரூட்
7 ஜூலை 2002

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமா? இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன், படுக்கப் போகுமுன் ஒரு மூடி குடியுங்கள். இங்கே குளிர். பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, மற்றபடி சுகம்.

உள்ளதை எழுதுகிறேன். ஜூன் முதல் நாள் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். ரொட்டிக் கம்பெனி ஒரு வாரம் பொறுத்தது. அப்புறம் நான் ரொட்டி போடும் கடைகளையெல்லாம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. மேனேஜர் நல்ல மனிதர்தான். "லைசென்ஸ் வந்ததும் வா செமிசி, பார்த்துக்கலாம்" என்றார். அந்த நம்பிக்கையில் கோழி வெட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ரயிலில் போகிறேன். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை.

போன வாரம் வேனின் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் கடிதம் வந்தது. லைசென்ஸ் போனதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தால் நாளைக்கு விபத்து என்று வந்தால் ஒரு காசு தரமாட்டார்கள். சொன்னேன். இனி உன் வேனைத் தொழிலுக்கு ஓட்ட இன்சூரன்ஸ் தரமாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். வேறு இரண்டு கம்பெனியில் கேட்டேன். ஒருவர் மறுத்தார். இன்னொருவர் சொன்ன தொகையில் இன்னொரு வேனே வாங்கலாம். இன்சூரன்ஸ் இல்லாத வேனை ரொட்டிக் கம்பெனி வாசலில்கூட நிறுத்த விடாது. இந்தக் கறை ஐந்து வருடம் பதிவில் இருக்குமாம். அதாவது அம்மா, செப்டம்பரில் லைசென்ஸ் திரும்பி வரும், வேலை வராது. அப்பா மூன்று மாதம் என்கிறார்.

அத்தைக்கு எதுவும் தெரியாது. வேலையை நானாகத்தான் மாற்றிக்கொண்டேன், ரயிலில் போனால் தூங்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஃபூசி என்னோடு அதிகம் பேசுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

செமிசி


மவுண்ட் ட்ரூட்
7 ஜூலை 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். உங்கள் நலம் அறிய ஆவல். தேவாலயக் கூரை எந்த அளவில் இருக்கிறது? வேலை நன்றாகப் போகிறது. லைசென்ஸ் இல்லாமல் இருப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை, நீங்கள் சொன்ன மாதிரியேதான். கூரைக்காகச் சிறிது பணம் இதனுடன் வைத்திருக்கிறேன்.

செமிசி


ப்ளாக்டவுன், சிட்னி
28 ஜூலை 2002

பிரியமுள்ள தம்பிக்கு,

அல்லேலூயா! நான் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதிக் கப்பலில் வருகிறேன். உன் பெண்டாட்டி மெலெநைத்தேவிடம் சொல், கணவாய் மீன் தேங்காய்ப்பாலில் வேண்டும், இங்கே கிடைப்பதெல்லாம் ரப்பர். என் உடம்பு நலம், இடுப்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. நீ நலமா? உன் முழங்கால்?

உன் பிள்ளை செமிசியைப் பற்றிக் கவலைப்படாதே. வேலையை மாற்றிக்கொண்டான், ரயிலில் போகிறான். "காலாற நடந்து ஸ்டேஷனுக்குப் போறது உடம்புக்கு நல்லது அத்தை" என்கிறான். மெலிந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கோரஸில் அவன் குரல் கேட்கவே இல்லை, அதட்டினேன். எனக்காக ஒரு உதவியும் செய்தான். தங்கமான பிள்ளை. நீ நன்றாக வளர்த்திருக்கிறாய் தம்பி.

அன்பு அக்கா,
கலோலைனே


ஊயிஹா
8 செப்டம்பர் 2002

என் கண்ணே,

நீயும் ஃபூசியும் பிள்ளைகளும் சுகமா? மருந்து வந்தது. இருமல் குறைந்திருக்கிறது. இதை எழுதி முடித்தால் கூடிவிடுமோ என்னவோ.

உன் அத்தை வந்தார். உன் அப்பா கறுப்புப் பன்றியை அடித்தார். அக்கா வீட்டுக்குள் இருக்கும் நாளெல்லாம் தம்பி உள்ளே வரக் கூடாதே, சமையல் கொட்டகையிலேயே தங்கினார். உள்ளே அத்தையோடு நான் மட்டும். நல்ல பாயில் உட்கார வைத்துப் பரிமாறினேன். கணவாயைச் சாப்பிட்டுவிட்டு விரலைச் சப்பிக்கொண்டே, "செமிசி ஏன் மெலெநைத்தே இப்படி மெலிஞ்சுட்டான்?" என்று கேட்டார்.

நான் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், தெரியும். ஒன்பது புள்ளி, நான்கு புள்ளி, ரொட்டி, கோழி, இன்சூரன்ஸ், எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை தட்டைக் கீழே வைத்தார். "ஒன்பதா? அவன்கிட்ட ஒன்பது இருந்துச்சா?"

"இருந்துச்சு அண்ணி."

"அட கிறுக்குப் பயலே! ஒரு வார்த்தை சொன்னா அவனைக் கடிச்சா தின்னுடப் போறேன்? நான் பஸ்ல போயிருப்பேனே! மூணு மாசம் பஸ்ல போனா என் காலு தேஞ்சா போயிடும்? இல்ல, வேற யாராவது சும்மா இருக்கிறவன் பேரை எழுதியிருப்பேன். ஏன் சொல்லல?"

"நீங்க அத்தைங்கிறதால சொல்லல."

அத்தை அழுதார், செமிசி. சத்தமாக, அவர் எதையும் சத்தமாகத்தானே செய்வார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் போனதும் நேரா போலீஸுக்குப் போறேன். நான்தான் ஓட்டினேன், பையன் பேரைப் பொய்யா எழுதினேன்னு சொல்றேன். அவன் பேர்ல இருக்கிற கறையை அழிக்கச் சொல்றேன். கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் போறேன்" என்றார். எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் கையைப் பிடித்து முத்தமிட்டேன்.

கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஓலைத் தட்டி மட்டும்தானே. உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

மறுநாள் காலை வாசலுக்கு வெளியே மண்ணில் உட்கார்ந்திருந்தார். கிழிந்த பாயை இடுப்பில் சுற்றி, கழுத்தில் ஈஃபி இலை மாலை. அரசனிடம் உயிர்ப்பிச்சை கேட்டுப் போகிறவர்கள் போட்டது அது. என் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. தலையைத் தூக்காமல் பேசினார்.

"அக்கா, போகாதீங்க."

"எந்திரிடா. உன் பிள்ளையோட பிழைப்புடா அது."

"சத்தியம் பண்ணிப் பொய் எழுதினதா உங்களை வெள்ளைக்காரன் முன்னால நிறுத்துவாங்க. வேலையும் போயிடும். என் அக்கா கோர்ட்டுல தலை குனிஞ்சு நின்னாங்கன்னு நான் கேக்கக் கூடாது. என் பையன் தாங்கிக்குவான். என்னால அதைத் தாங்க முடியாது."

அந்த மாலையோடு வருகிறவனை மறுக்க முடியாது என்பது உனக்குத் தெரியும். அத்தை கடைசியில் இறங்கி வந்து மாலையைக் கழற்றினார். கழற்றினால் சரி என்று அர்த்தம்.

செமிசி, நீ உன் அப்பாவிடம் அக்காவுக்கு ஒரே ஒரு வரி எழுதச் சொன்னாய். அதற்கு அவருக்குக் கை வரவில்லை. அக்காவுக்காக மாலை போட மட்டும் விடிவதற்கு முன்பே மரம் ஏறி இலை பறித்திருக்கிறார், அந்த முழங்காலோடு. அன்றிலிருந்து நான் அவருக்குச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை.

அம்மா


ஊயிஹா
9 செப்டம்பர் 2002

என் மகனுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். திறப்பு விழா சிறப்பாக நடந்தது. கூரை ஒழுகவில்லை. உன் அத்தை பாடினார், அழுதுகொண்டே பாடினார், கேட்டவர்களும் அழுதார்கள்.

அம்மா உனக்கு எழுதியிருப்பாள். அவள் எழுதியது எல்லாம் உண்மை.

அப்பா


மவுண்ட் ட்ரூட்
6 அக்டோபர் 2002

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆண்டவர் உங்கள் இருவரையும் காக்கட்டும். எல்லோரும் நலம். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறீர்களா? மரம் ஏறாதீர்கள்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம் இருக்கிறது. ரயிலில் போகும்போதும் வரும்போதும் இருக்கிறது. வேனைப் போன சனிக்கிழமை விற்றேன். வாங்கியவன் ஓட்டிக்கொண்டு தெருமுனையில் திரும்புகிறவரை ஃபூசி வாசலில் நின்று பார்த்தாள். என் பக்கம் திரும்பவில்லை.

அத்தை வந்திருந்தார். உட்காரவில்லை. "நான் போகட்டுமாடா? நீ ஒரு வார்த்தை சொல்லு, உங்க அப்பன் மாலையை நான் பார்த்துக்கிறேன்" என்றார். என் வாய் வரை வந்து நின்றது அந்த வார்த்தை. ஃபூசியும் அங்கேதான் இருந்தாள். "வேண்டாம் அத்தை, எனக்கு இந்த வேலையே பிடிச்சிருக்கு" என்றேன். அத்தை நம்பவில்லை. ஆனால் போய்விட்டார். இப்போது ரொம்ப மெதுவாக ஓட்டுகிறார். பாடுவதில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதே மாலையைத்தான் போட்டிருப்பேன் அப்பா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இன்று மதியம் சலேசி ஒரு துண்டு தர்பூசணியை வைத்துத் தின்றுகொண்டிருந்தான். லூபே தன்னுடையதைத் தின்று முடித்துவிட்டு அவனுடையதையும் கேட்டாள். அவன் கொடுக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். "கொடுத்துடு சலேசி, அக்கா கேக்குறா இல்ல" என்றேன் நான். அவனுக்கு மூன்று வயது அப்பா. அழக்கூட இல்லை, தலையைக் குனிந்துகொண்டு கொடுத்துவிட்டான். ஃபூசி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அம்மாவோடு பேசுங்கள்.

உங்கள் மகன்,
செமிசி